தங்கம் அரிக்கப் போன எள்ளுத்தாத்தாவைத் தேடிய கதை: இழந்த பணமும், தேடுவோர் அறிய வேண்டியவையும்

என் தந்தையின் தாத்தாவைப் பெற்றவர், அதாவது என் எள்ளுத்தாத்தா, தங்கம் எடுக்கப் போவதாகச் சொல்லிக் கப்பல் ஏறித் திரும்பி வராமலே போனவர். அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்பதைத் தேடும் முயற்சியில் இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ 1,60,000 ரூபாயும் கரைந்தன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி செலவாகியிருக்கவே வேண்டாம். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் இப்படி ஒரு முன்னோர் கதை இல்லாத தெரு குறைவு. தேடத் தொடங்கியபோது யாரிடம் கேட்பது, எதை முதலில் பார்ப்பது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் பூர்வீகக் கிராமம் கடலூர் மாவட்டத்தில் (அன்றைய தென்னாற்காடு), பாகூருக்கு அருகில் இருக்கிறது. அந்தப் பக்கம் வரப்பைத் தாண்டினால் புதுச்சேரி, இன்னொரு வரப்பைத் தாண்டினால் மறுபடியும் கடலூர் என்று எல்லை பின்னிக் கிடக்கும். அந்தக் காலத்தில் அது பிரெஞ்சு மண்ணுக்கும் ஆங்கிலேய மண்ணுக்கும் இடையிலான எல்லை. எள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்களிடம் இருந்தவை இரண்டே. ஒன்று, என் பெரிய அத்தை தன் பாட்டி வாயிலாகக் கேட்ட கதை: பாண்டிச்சேரியில் கப்பல் ஏறினார், பெரிய காட்டில் ஆற்று மணலை அரித்துத் தங்கம் எடுக்கும் வேலை, ஐந்து வருஷத்தில் திரும்பி வந்து நிலத்தை மீட்பதாகச் சொன்னார், மகன் அப்போது கைக்குழந்தை. மற்றொன்று, அவர் புறப்படுமுன் ஒரு துண்டு நிலத்தை ஈடு வைத்து எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். அதில் ‘பிரபவ வருஷம் ஆனி மாதம்’ என்று இருந்தது. ஆங்கில ஆண்டு எதுவும் இல்லை.

தங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கோலார் என்றே முடிவு செய்திருந்தார்கள். சித்தப்பா அதில் மிக உறுதியாக இருந்தார். வடாற்காடு, தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் போனது உண்மை என்பதால் அந்த முடிவில் யாருக்கும் ஐயம் எழவில்லை. நானும் கோலார் தங்கவயலுக்குப் போய்த் தங்கினேன். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வீடு வீடாக விசாரித்தேன். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பிறகும் அங்கேயே இருந்துவிட்ட முதியவர்கள் அன்போடு பேசினார்கள், உணவு கொடுத்தார்கள், தங்கள் குடும்பங்களின் பழைய படங்களை எடுத்துக் காட்டினார்கள். பயணத்துக்கும் தங்கலுக்குமாக ஏறத்தாழ 20,000 ரூபாய் செலவானது. பலன் ஒன்றுமில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்து, “அவர் எந்த வருஷம் போனார் தம்பி?” என்று கேட்டார். நான் பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். “இங்கே யாரும் மணல் அரிக்கவில்லை தம்பி, பாறைக்குள் இறங்கித்தான் எடுத்தோம். வருஷத்தை முதலில் கண்டுபிடியுங்கள்” என்றார். எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த முதல் நல்ல அறிவுரை அதுதான்.

ஆகவே தேடலைத் தொடங்குகிற எவரும் இடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் காலத்தை நிலைநிறுத்த வேண்டும். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்பது 1867-68ஆகவும் இருக்கலாம், 1927-28ஆகவும் இருக்கலாம், 1807-08ஆகவும் இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளைக் கணக்கிட்டபோது, அந்தக் கைக்குழந்தையின் மகனாகிய என் தாத்தா 1890களில் பிறந்தவர் என்பது பள்ளிச் சான்றிலிருந்து தெரிந்தது. அப்படியானால் பத்திரத்தின் ஆண்டு 1867 தவிர வேறாக இருக்க முடியாது. இந்த ஒரே கணக்கு கோலாரை முற்றாக விலக்கிவிட்டது. கோலாரில் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டதே 1870களில்தான். ஜான் டெய்லர் நிறுவனம் வந்து சுரங்க வேலை தொடங்கியது 1880இல். நீலகிரிக்குக் கீழே தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் இலண்டன் கம்பெனிகள் பணத்தைக் கொட்டிப் பொன்வேட்டை நடத்தியதும் 1880ஐ ஒட்டிய சில ஆண்டுகளே. 1867இல் வீட்டை விட்டுப் போனவர் இந்த இரண்டு இடங்களுக்கும் போயிருக்க வழியில்லை. இதை நான் முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து, ஒரு பைசா செலவில்லாமல் கண்டுபிடித்திருக்கலாம்.

அடுத்ததாகக் கதையின் உள்ளே இருக்கிற வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பாறையைக் குடைந்து கல்லை உடைத்துப் பொன் எடுப்பது ஒரு முறை. ஆற்றங்கரையிலும் ஓடைப் படுகையிலும் மண்ணை வெட்டி, நீண்ட மரத் தொட்டிகளில் நீரை ஓடவிட்டு, கனமான பொன் துகள் அடியில் தங்கும்படி அரித்தெடுப்பது வேறொரு முறை. அத்தை சொன்ன கதையில் ஆறு இருந்தது, காடு இருந்தது, அரிப்பது இருந்தது. 1867 வாக்கில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய கப்பல்கள் ரீயூனியன், குவாடலூப், மார்தினிக், பிரெஞ்சு கயானா ஆகிய பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குப் போயின. முதல் மூன்றிலும் கரும்பு. தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கும் பிரெஞ்சு கயானாவில் மட்டுமே பொன் கிடைத்தது. அங்கே 1855இல் அப்ருவாக் ஆற்றின் கிளையான அராதாய் ஆற்றுப் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கம்பெனிகளும் தனியாட்களும் காட்டுக்குள் பாய்ந்தார்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு ஆள் பற்றாக்குறையில் தவித்த அந்தக் குடியேற்றம் 1856 முதல் இந்தியர்களை இறக்குமதி செய்தது. தோட்ட வேலைக்கென்று கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் பொன் அரிக்கும் இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொன் என்ற சொல் கதையில் இருப்பதாலேயே அவர் பொன் இருந்த நாட்டுக்குத்தான் போனார் என்று கொள்ளக் கூடாது. ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்புவதற்கும் பொன்னாசை காட்டக்கூடியவர்கள். கதை ஒரு திசையைக் காட்டும். அதற்கு மேல் அதை நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது. இதை எழுதும்போது எனக்கு மனம் கசக்கிறது, ஏனெனில் அடுத்து நடந்தது அதுதான்.

கயானா என்ற எண்ணம் உறுதிப்பட்ட சமயத்தில், பிரான்சில் இருக்கும் தமிழர்களுக்கு வம்சாவளி ஆவணங்களைத் தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்ட ஓர் ஏஜென்ட் உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமானார். பெயரோ ஊரோ சொல்ல நான் விரும்பவில்லை; அவர் நடந்துகொண்ட முறைதான் பிறருக்குப் பயன்படும். பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களில் ‘உள்ளே ஆள்’ இருந்தால்தான் 19ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளைப் பார்க்க முடியும் என்றார். முன்பணமாக 25,000 ரூபாய் வாங்கினார். சில மாதங்களில் ஒரு பிரெஞ்சு இறப்புப் பதிவின் நகலைக் கொண்டுவந்து, “இதோ உங்கள் தாத்தா” என்று என் கையில் கொடுத்தார். எள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் இருந்தது. என் கை நடுங்கியது. அத்தையிடம் போய்க் காட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த உணர்ச்சியில் இருந்தபோதே ஏஜென்ட் முழு ஆவணத் தொகுப்புக்கு 65,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பிறகு, தாத்தாவின் பெயரில் அங்கே தங்கம் எடுக்கும் நில உரிமை இருந்ததாகவும், அதற்கு இழப்பீடு கோரலாம் என்றும், அவர் பிரெஞ்சு மண்ணில் இறந்ததால் எங்கள் குடும்பத்தார் பிரெஞ்சுக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லி, அங்குள்ள வழக்கறிஞருக்கென்று 50,000 ரூபாய் கேட்டார். இதற்குள் செய்தி உறவினர்களிடையே பரவிவிட்டது. கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் பங்கைப் பற்றிக் கேட்டார்கள். அந்த அழுத்தத்தில் அதையும் கொடுத்தேன். மொத்தம் 1,40,000 ரூபாய். அதன் பிறகு அவருடைய தொலைபேசி எடுப்பாரின்றி ஒலித்தபடியே இருந்தது.

அந்த நகலை முத்தியால்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு முறை படித்துவிட்டு, “இவருடைய அப்பா பெயர் என்னங்க ஐயா?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். “இதில் வேறு பெயர் இருக்கிறது. ஊர் காரைக்கால். இறந்த இடம் குவாடலூப், கரும்புத் தோட்டம்” என்றார். அதாவது அது எங்கள் தாத்தாவே அல்ல. அதே பெயர் கொண்ட இன்னொரு மனிதர், வேறு கடலில், ஒரு தீவில் இறந்தவர். யாரோ ஒருவருடைய முன்னோரின் இறப்பை வைத்து நாங்கள் அழுதிருக்கிறோம். பணம் போனதைவிட அத்தையிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்குப் பெரும் பாரமாக இருந்தது. பல இரவுகள் தூக்கமில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் உறவினர் பெயரும் இழுபடும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

ஆசிரியர் அன்று சொன்ன இன்னொரு செய்தி என்னை மேலும் நோகச் செய்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் தெற்கு பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நிலங்களுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளைப் பெருமளவில் படியெடுத்து அந்தக் காப்பகமே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கயானா, குவாடலூப், மார்தினிக், ரீயூனியன், பிரெஞ்சு இந்தியா எல்லாம் அதில் அடங்கும். உள்ளே ஆளும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஏஜென்ட் செய்தது அந்தத் தளத்தில் ஒத்த பெயர் ஒன்றைத் தேடி அச்சிட்டது மட்டுமே. எனவே 1900க்கு முந்தைய பிரெஞ்சு இறப்புப் பதிவின் நகலுக்காக யாராவது பணம் கேட்டால், முதலில் அந்தத் தளத்தில் நீங்களே பாருங்கள். பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது படித்துச் சொல்லும் வேலை. பழைய கையெழுத்தைப் படித்து மொழிபெயர்த்துக் கொடுக்க எனக்கு மொத்தம் 4,000 ரூபாய்க்குள் ஆனது. ஆசிரியர் அதையும் வாங்க மறுத்து, என் வற்புறுத்தலின் பேரிலேயே பெற்றுக்கொண்டார்.

குடியுரிமைப் பேச்சையும் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் புதுச்சேரியில் இந்த ஆசையைக் காட்டித்தான் பலரிடம் பணம் பறிக்கிறார்கள். பிரெஞ்சு இந்தியப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அப்போது ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. இன்று குடியுரிமை பற்றிப் பேசுகிற குடும்பங்களின் உரிமை அந்தத் தேர்வையும் அதற்குப் பிந்தைய பிறப்புகளையும் சார்ந்தது. 1860களில் ஒப்பந்தக் கூலியாகப் போன ஒருவர் கயானாவில் இறந்தார் என்பதனால் அவருடைய வழித்தோன்றல்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மேலும் எங்கள் எள்ளுத்தாத்தா தென்னாற்காட்டுக்காரர். அவர் ஆங்கிலேய அரசின் குடிமகன். தங்க நில உரிமை என்பதும் அப்படியே. ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரியது கூலியும் உணவும் திரும்பிவரும் கப்பல் பயணமும்தான். அவர் அரித்தெடுத்த பொன் முதலாளிக்கு உரியது.

ஆங்கிலேயக் குடிமகனா, பிரெஞ்சுக் குடிமகனா என்ற இந்த வேறுபாடு தேடுபவருக்கு மிக முக்கியமானது. உங்கள் முன்னோர் பாகூர், வில்லியனூர், காரைக்கால் போன்ற பிரெஞ்சுப் பகுதியைச் சேர்ந்தவரானால், அவருடைய உறவினரின் பிறப்பும் திருமணமும் பிரெஞ்சு இந்தியப் பதிவேடுகளிலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. லாஸ்பேட்டையில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்திலும் விசாரிக்கலாம். தென்னாற்காட்டுக் கிராமத்தவரானால் 1840களின் பிறப்புப் பதிவு என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. நிலப் பத்திரங்களும், கிறிஸ்தவக் குடும்பமானால் கோவில் ஞானஸ்நானப் பதிவேடுகளும்தான் துணை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தென்னாற்காடு ஆட்சியரகக் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. அதில் தனி மனிதரின் பெயர் கிடைப்பது அரிது. ஆனால் எல்லை தாண்டி ஆட்கள் பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட சூழலைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. இங்கேயும் ஆண்டு பேசுகிறது. 1861 ஜூலை 1 அன்று கையெழுத்தான ஆங்கிலேய-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஆங்கிலேயக் குடிமக்களைக் கயானா, குவாடலூப், மார்தினிக் ஆகிய பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு அனுப்புவது சட்டப்படியானது. அதற்கு முன் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் மறைவாக எல்லை தாண்டியவர்கள். அந்த உடன்படிக்கை ஐந்து ஆண்டு ஒப்பந்தம், வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மிகாத வேலை, இறுதியில் இலவசத் திரும்புபயணம் என்றெல்லாம் விதித்தது. ஐந்து வருஷத்தில் வருவதாக அவர் சொல்லிப் போனது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று, ஒப்பந்தத்தில் இருந்த காலம் என்பதை அறிந்தபோது நான் வெகுநேரம் வேறொன்றும் செய்ய இயலாமல் இருந்தேன்.

பிறகு நானே தேடத் தொடங்கினேன். கயானாவின் பதிவேடுகள் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பிரிவு வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. முழு நாட்டையும் தேட வேண்டியதில்லை. பொன் வேலை நடந்த ஆறுகளை ஒட்டிய கொம்யூன்களான அப்ருவாக், சின்னமாரி, மானா ஆகியவற்றையும், நோயாளிகள் கொண்டுவரப்பட்ட தலைநகர் காயேனையும் எடுத்துக்கொண்டேன். புறப்பட்ட ஆண்டு 1867. கடல் பயணம் ஏறத்தாழ மூன்று மாதம். ஆகவே 1867இன் இறுதி முதல் தொடங்கினேன். பல ஏடுகளின் கடைசியில் அந்த ஆண்டு இறந்தவர்களின் அகரவரிசைப் பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பார்த்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நம் பெயர்களைக் காதால் கேட்ட பிரெஞ்சு எழுத்தர்கள் தங்கள் போக்கில் எழுதினார்கள். ‘சின்னசாமி’ என்ற பெயர் ஓர் ஏட்டில் ஓர் எழுத்திலும், அடுத்த ஏட்டில் வேறோர் எழுத்திலும் தொடங்கும். உகரம் வந்தால் இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். சில வேளை தந்தை பெயரே முதற்பெயராகப் பதிவாகி, அகரவரிசையில் அதன் கீழ்தான் இருக்கும். எனவே முன்னோரின் பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் எத்தனை விதமாகப் பிரெஞ்சு எழுத்தில் எழுத முடியும் என்று ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயருக்கும் அப்படியே: கடலூர் பிரெஞ்சுப் பதிவுகளில் ‘கோந்தெலூர்’, பரங்கிப்பேட்டை ‘போர்ட்டோ நோவோ’. பலருக்குக் கிராமப் பெயர் எழுதப்படாமல் இந்தியா என்றோ அருகில் உள்ள பெரிய ஊரின் பெயரோ மட்டும் இருக்கும்.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். இறப்புப் பதிவுகள் எல்லாம் ஒரே அமைப்பில் எழுதப்பட்டவை. ஆண்டும் நாளும் எண்ணாக இல்லாமல் எழுத்தாலேயே இருக்கும் என்பதால் எண்களின் பெயர்களையும் மாதங்களின் பெயர்களையும் கற்றுக்கொள்ள வேண்டும். அவற்றோடு இறப்பு, மகன், வயது, பிறந்த ஊர், இந்தியக் குடியேறி, கப்பல், பதிவு எண் ஆகியவற்றுக்கான சொற்கள் தெரிந்தால் போதும், சந்தேகமானதை மட்டும் தெரிந்தவரிடம் கொண்டுபோகலாம். இன்னொன்று: பொன் அரிக்கும் முகாம்கள் ஆற்று வழியே படகில் நெடுந்தூரம் உள்ளே இருந்தன. அங்கே நிகழ்ந்த இறப்பு தாமதமாகவே ஏட்டில் ஏறியிருக்கக்கூடும். ஆகவே ஓர் ஆண்டை முடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது அடுத்த ஆண்டின் முதற்பகுதியையும் புரட்ட வேண்டும்.

அந்த ஏடுகளைப் படிப்பது எளிதான அனுபவம் அன்று. இரவில் வேலை முடிந்து கணினி முன் உட்காருவேன். பக்கம் பக்கமாக நம் பெயர்கள். முத்து, ராமசாமி, பெருமாள், வீரன், லட்சுமி, அம்மாக்கண்ணு. வயது இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பது. 1856க்கும் 1877க்கும் இடையில் கயானாவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். திரும்பி வந்தவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே. மலேரியா, சீதபேதி, இரத்தச்சோகை, நாள் முழுதும் நீரில் நின்று மண் வெட்டும் வேலை, போதாத உணவு. பொன் அரிக்கும் இடங்களில் இறப்பு மிக அதிகமாக இருந்ததாலேயே ஆங்கிலேய அரசு 1876-77இல் கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிரெஞ்சுத் தீவுகளுக்கு 1880கள் வரை அது தொடர்ந்தது. தேடுபவர்கள் இதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ஒருவரைத் தேடிப் போகும் வழியில் நூற்றுக்கணக்கானவர்களின் சாவைப் படிக்க நேரும். என்னால் தொடர்ந்து படிக்க முடியாத வாரங்கள் இருந்தன. வீட்டில் யாரிடமாவது அன்றன்று படித்ததைச் சொல்லிவிடுவது எனக்கு உதவியது.

1871ஆம் ஆண்டின் அப்ருவாக் ஏட்டில் அவரைக் கண்டேன். பெயர் சிதைந்திருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் அதே பெயர். தந்தையின் பெயர் எங்கள் கடன் பத்திரத்தில் உள்ள பெயர். வயது ஏறத்தாழ முப்பது. ஊர் கோந்தெலூர். பொன் அரிக்கும் ஓரிடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இறப்பை அறிவித்தவர்கள் இருவர். இறப்புக்கான காரணம் இல்லை. பிரெஞ்சு இறப்புப் பதிவுகளில் காரணம் எழுதும் வழக்கம் இல்லை என்பதால் அதை எதிர்பார்க்கவும் கூடாது. முந்தைய ஏமாற்றம் இருந்ததால் நான் உடனே யாரிடமும் சொல்லவில்லை. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்தாவிட்டால் எதையும் ஏற்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். இங்கே நான்கும் பொருந்தின, புறப்பட்ட காலமும் பொருந்தியது. இருந்தாலும் அதே பெயரும் அதே தந்தை பெயரும் கொண்ட வேறொருவர் நான் பார்த்த ஏடுகளில் இல்லை என்பதைப் பார்த்து முடித்த பிறகே ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் வரிக்கு வரி படித்து எழுதிக் கொடுத்தார்.

அத்தையிடம் இம்முறை நான் தாளைக் கொடுக்காமல் முதலில் வாயால் சொன்னேன். அவர் கேட்டது தங்கத்தைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ அன்று. “நாள் போட்டிருக்கிறதாடா தம்பி?” என்று கேட்டார். இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் இத்தனை காலமும் மகாளய அமாவாசையில்தான் அவருக்கு எள்ளும் நீரும் இறைத்து வந்தோம். அவருடைய மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே கிழவியாகி இறந்தவர் என்பதையும் அத்தை அன்றுதான் சொன்னார். இறந்த நாள் தெரிந்தால் திதி கணிக்க முடியும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: காயேன் நேரம் நம் நேரத்துக்கு எட்டரை மணி பின்தங்கியது, பதிவில் மாலை என்றிருந்தால் இங்கே மறுநாள் ஆகியிருக்கும், திதியும் மாறியிருக்கலாம். பழைய ஆண்டுப் பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்த குருக்களிடம் இறந்த இடம், மணி இரண்டையும் சொல்லியே கேட்க வேண்டும். எங்கள் குருக்கள் இடத்தின் சூரிய உதயத்தை வைத்தே கணித்துக் கொடுத்தார்.

இழப்பீட்டை எதிர்பார்த்திருந்த உறவினர்களுக்கு நான் மொழிபெயர்ப்பின் நகலை அனுப்பி, சொத்து என்று ஒன்றும் இல்லை என்று எழுத்தாலேயே தெரிவித்துவிட்டேன். சிலர் நான் எதையோ மறைப்பதாக இன்னும் நினைக்கிறார்கள். தேடலைத் தொடங்கும்போதே குடும்பத்தாரிடம் என்ன தேடுகிறோம், அதில் பணம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டால் இந்த மனத்தாங்கல் வராது. ஆவணம் கைக்கு வரும்வரை கல்யாண வீடுகளில் பேச வேண்டாம் என்பதும் என் உறுதியான கருத்து.

இப்போது எஞ்சியிருப்பது குடியேறிகளின் பதிவு எண் ஏடு. அதில் கப்பலின் பெயர், வந்திறங்கிய நாள், கிராமம், வேலைக்கு எடுத்தவர் ஆகியவை இருக்கக்கூடும். கயானாவின் ஆவணக் காப்பகம் காயேனுக்கு அருகில் ரெமிர்-மோன்ஜொலியில் இருக்கிறது. அங்கே எழுதும்போது கதை முழுவதையும் எழுதாமல் கொம்யூன், ஆண்டு, இறப்புப் பதிவின் எண், பதிவில் உள்ளபடியே பெயரின் எழுத்துகள், தந்தை பெயர் ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வியைப் பிரெஞ்சில் சுருக்கமாகக் கேட்க வேண்டும் என்று ஆசிரியர் அறிவுறுத்தினார். அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஏஜென்ட் கொடுத்த குவாடலூப் பதிவையும் நான் எறியவில்லை. காரைக்காலில் அந்தப் பெயரும் அந்தத் தந்தை பெயரும் கொண்ட முன்னோரைத் தேடும் குடும்பம் எதுவும் இருக்கிறதா என்று அங்குள்ள நண்பர்கள் மூலம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்; கண்டுபிடித்தால் மொழிபெயர்ப்போடு கொடுத்துவிடுவேன்.